விற்ற வீட்டுக்கு ஒரு துவா

என் வீட்டுக்காரர் முத்து முகம்மது தொழுகையை விட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு அவரைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். ஐந்து வேளையும் தொழுவார். அவர் விட்டது துவாவை மட்டும்தான். தொழுது முடித்ததும் எல்லோரும் இரண்டு கையையும் ஏந்தி, பிள்ளைக்குக் காய்ச்சல் விடட்டும், மகளுக்கு நல்ல இடம் அமையட்டும் என்று ஆளுக்கொன்றாக அல்லாவிடம் கேட்டு, முடிவில் கையால் முகத்தைத் தடவிக்கொள்வார்கள். இவர் மட்டும் எழுந்து செருப்பைத் தேடிப் போய்விடுவார். ஒன்றரை வருஷமாக இப்படித்தான். பள்ளிவாசலில் பார்த்தவர்கள் அவரவர் வீட்டில் சொல்லி, அந்தப் பெண்கள் வந்து என்னிடம் கோள் சொன்னார்கள். எனக்குத் தெரியாதா என்ன. வீட்டில் தொழும்போதும் அதே கதைதான்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "கேக்கிறதுக்கு என்ன இருக்கு ஆயிஷா" என்றார்.

ராஜபாளையத்தில் எங்களுக்குப் பஞ்சுக் கழிவு வியாபாரம். நூற்பாலைகளில் நூல் நூற்றது போக மிஞ்சுகிற பஞ்சை வாங்கி, தரம் பிரித்து, மெத்தை தைக்கிறவர்களுக்கு அனுப்புவோம். நன்றாகத்தான் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தபோது கோடவுனில் தீப்பிடித்தது. வேலை பார்க்கிற பெண்கள் எல்லாம் வெளியே வேப்பமரத்து நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்திருந்த நேரம் அது. அதனால் ஓர் உயிருக்கும் சேதமில்லை. பஞ்சுதான் போயிற்று. பஞ்சோடு மிஷினும் போயிற்று, கட்டடமும் போயிற்று. இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கிறேன், புதுப்பிக்கிறேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த இவருடைய சாமர்த்தியமும் அன்றைக்கு ஊருக்கே தெரிந்து போயிற்று.

துக்கம் கேட்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பாதிப்பேர், உயிர் போகவில்லையே, அல்லா காப்பாற்றினான் என்றார்கள். மீதிப்பேர் குரலைத் தாழ்த்தி, ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டியதை ஒழுங்காகக் கொடுத்து வந்தீர்களா என்று கேட்டார்கள். அதிலும் என் சின்ன மாமனார் வகையில் ஒருவர், சோற்றுக்கு நான் வைத்த ஆணத்தை, அதாவது குழம்பை, இரண்டாம் தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டே அதைக் கேட்டார். அன்றைக்கு என் கையில் கரண்டி இருந்தது. பொறுத்துக்கொண்டேன்.

யாருக்கும் பாக்கி வைக்கக் கூடாது என்று இவர் ஒற்றைக் காலில் நின்றதால், முடங்கியார் ரோட்டுப் பக்கம் இருந்த எங்கள் வீட்டைப் போன ஆவணியில் விற்றோம். வாங்கியவர் சோழபுரத்துக்காரர். பாண்டிச்செல்வம் என்று பெயர். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து விவசாயம் பார்க்கிறவர். சாவியைக் கொடுத்துவிட்டு நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, மாடியில் இரண்டு அறை உள்ள வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டோம். மகள் நௌஷீனை அதற்கு முன்னாலேயே கடையநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தது ஒரு நிம்மதி. இவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெயின்ட் கடையில் விற்பனைக்கு நிற்கிறார். புது வீடு கட்டுகிறவர்கள் புருஷன் பெண்டாட்டியாக வந்து ஹாலுக்கு இந்தக் கலர், பெட்ரூமுக்கு அந்தக் கலர் என்று சிரித்துச் சிரித்துப் பேசுவார்களாம். இவர் அட்டையை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்பாராம்.

இதற்கெல்லாம் நான் அசரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்கு நான் சொன்ன புத்திமதியை எழுதி வைத்திருந்தால் ஒரு புத்தகம் தேறும். வரும்போது நாம் வீட்டைத் தூக்கிக்கொண்டா வந்தோம் என்பேன். அரண்மனையில் படுத்தாலும் ஆறடிதான் வேண்டும் என்பேன். சந்தோஷம் செங்கல்லிலா இருக்கிறது என்பேன். சொல்லும்போது எனக்கே என் பேச்சு பிடித்திருக்கும். பக்கத்து வீட்டு ஜெயசித்ரா ஒருநாள் கேட்டுவிட்டு, "அக்கா, ஒங்களுக்கு எம்புட்டு தைரியம்" என்றாள். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அவர்தான் மசியவில்லை. பங்குனியில் ஒரு நாள், சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே நான் என் புத்திமதிப் புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது குறுக்கே பேசினார்.

"நான் வீட்டுக்காக அழுதேன்னு நெனச்சியா? பஞ்சுக்காகவும் இல்ல. இருபது வருஷம் நெனச்சதெல்லாம் நடந்துச்சு. லாபம் வந்துச்சு, வீடு வந்துச்சு, புள்ளைக்கு நல்ல மாப்பிள்ளை வந்தாரு. அல்லாவுக்கு என்னைப் பிடிக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன் ஆயிஷா. ஒளிச்சு வச்சுக்கிட்ட சந்தோஷம் அது. அன்னைக்கு எரிஞ்சது அதுதான். பிடிக்காதவன்கிட்ட போயி எந்த மூஞ்சியோட கை ஏந்தச் சொல்லுத?"

ஊசி என் விரலில் ஏறியது. இதற்குச் சொல்ல என் புத்தகத்தில் பக்கம் இல்லை. இந்த மனிதர் ஒன்றரை வருஷமாக என் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதையா சுமந்துகொண்டிருந்தார்? அன்றிலிருந்து எனக்கு இருந்தது ஒரே கவலைதான். வீடு திரும்பி வர வேண்டாம், வியாபாரம் வர வேண்டாம், இவர் மறுபடி ஒரு தடவை கையை ஏந்திவிட்டால் போதும்.

வைகாசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்செல்வம் தன் மனைவி கனகலட்சுமியோடு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு பை நிறையச் சப்பட்டை மாம்பழம். நல்ல உயரமான பெண் கனகலட்சுமி. நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வந்தாள். வீடு வாங்கி ஒன்பது மாதமாகியும் இவர்கள் அதில் குடிபோகவில்லை என்று ராஜபாளையத்தில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தோம். ஏன் என்று தெரியாது.

அவர் உட்கார்ந்தும் உட்காராமலும் ஆரம்பித்தார்.

"பாய், சுத்தி வளைக்காமச் சொல்லிருதேன். வீடு வாங்குனதுல இருந்து எனக்கு ஒண்ணும் சரியில்ல. மொத மாசமே தோட்டத்து மோட்டார் எரிஞ்சு போச்சு. பொறவு சினை மாடு கன்னு போட்டு, கன்னு தங்கல. மாசியில இவ வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சுது. குறி சொல்லுத கோடாங்கிகிட்ட கேட்டோம். வித்தவுக வயிறு எரியுது, அவிய வந்து மனசாரச் சொல்லாம அந்த வீட்டுல பால் காய்ச்சாதீயன்னுட்டான்."

எனக்குக் கோபம் வந்தது. நம் கஷ்டத்தில் வீட்டை வாங்கியதும் இல்லாமல், இவர்கள் மாட்டுக்குக் கன்று தங்காததற்கும் நாம்தான் காரணமா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, என் பெருமூச்சுக்கு அம்புட்டு பவர் இருக்கா?"

"என்ன பாய்?"

"இல்ல, இருந்திருந்தா அன்னைக்கு கோடவுன் தீயை நானே ஊதி அணைச்சிருப்பேனே."

ஒன்றரை வருஷத்தில் அவர் அடித்த முதல் கிண்டல் அது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கனகலட்சுமியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பாண்டிச்செல்வம் மட்டும் சிரிக்கவில்லை. எல்லையில் துப்பாக்கியோடு நின்ற மனிதர், பாவம், உண்மையாகவே பயந்து போயிருந்தார்.

இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எந்தக் கம்பெனி மோட்டார், எத்தனை மணிக்கு எரிந்தது என்று போலீஸ்காரர் மாதிரி விசாரித்தார். "சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் ஒண்ணா மோட்டார் போட்டா வோல்டேஜ் எங்க நிக்கும்? அதான் எரிஞ்சிருக்கு. கன்னுக்கு மாட்டு டாக்டரைப் பாருங்க. மதினி வழுக்கி விழுந்தது எங்க, தொட்டிக்கிட்டயா? பாசி பிடிச்சிருக்கும், தேய்ச்சுக் கழுவுங்க. ஆண்டவனுக்கு ஒங்க மேல கோவம்னா மோட்டார் வயருக்குள்ள பூந்து வந்தா சொல்லுவான்? அவனுக்கு வேற..."

பாதியில் நின்றுவிட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தான் சொன்னது தன் காதில் விழுந்துவிட்டது அவருக்கு.

பாண்டிச்செல்வம் மெதுவாகச் சொன்னார். "நீங்க சொல்லுதது அறிவுக்குத் தெரியுது பாய். மனசு கேக்க மாட்டேங்கு. பட்டாளத்துல இருந்தப்ப எல்லாம் சொந்த வீட்டை நெனச்சுத்தான் தூங்குவேன். ஆசைப்பட்டு வாங்கினேன். சாவி கையில இருக்கு, சந்தோஷம் இல்ல. நீங்க வந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னாப் போதும்."

"மனசுல இல்லாததை வாயால சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அது சத்தியம். ஆனா வாழ்த்துததுக்கு மனசு நெறைஞ்சிருக்கான்னு கேட்டா, தெரியல. எனக்கு ஒரு நாலு நாள் கொடுங்க."

அவர்கள் போனபிறகு நெடுநேரம் மொட்டைமாடியில் நின்றார். நான் அரிசி களைந்து கிரைண்டரில் போடும்போது பின்னால் வந்து நின்று கேட்டார். "அவரு மோட்டார் வோல்டேஜால எரிஞ்சுது. அப்போ என் கோடவுனும் ஏதோ ஒரு வயராலதான் எரிஞ்சிருக்கும். இல்லியா?"

"அதைத்தானே கரண்ட் ஆபீஸ்காரன் அன்னைக்கே சொன்னான்."

"அப்படின்னா முன்னால வந்த லாபமும் பஞ்சு வெலையாலதான் வந்திருக்கும். அதுவும் அவன் பிரியம் இல்ல. பஞ்சுலயும் இல்ல, தீயிலயும் இல்லைன்னா, அவன் எதுலதான் இருக்கான் ஆயிஷா?"

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இட்லிக்கு மாவாட்டுகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது. "பள்ளிவாசல் ஆலிம்சாவைக் கேளுங்க" என்றேன். அவர் யாரையும் கேட்கவில்லை. நாலாம் நாள் காலையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது, "வெள்ளிக்கிழமை போவோம், அவியகிட்ட சொல்லிட்டேன்" என்றார். துவாவைப் பற்றி நானும் கேட்கவில்லை. அன்று காலைத் தொழுகை முடிந்தும் அவர் கை ஏந்தாமல்தான் எழுந்தார்.

ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒன்பது மாதமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. பஸ்ஸில் கூட்டம், வெயில், முழங்கால் வலி என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. அன்று விடியற்காலை பஸ்ஸில் இடம் கிடைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, மலை கூடவே வருவதைப் பார்த்துக்கொண்டு போனேன். என் மனது முழுக்கப் பெருமைதான். இந்த மனிதருக்கு நான் சொன்ன புத்திமதி கடைசியில் பலித்துவிட்டது, பாவம், கொஞ்சம் பலவீனமான மனசு, நான்தான் தாங்கிப் பிடித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. சோழபுரத்துச் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஐயர் வந்து பூஜை முடித்துவிட்டுப் போயிருந்தார். ஹாலில் புகை இன்னும் அடங்கவில்லை. பாண்டிச்செல்வம் ஓடிவந்து என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். கனகலட்சுமி என்னை நேராக அடுப்படிக்கு அழைத்துப் போனாள்.

"நீங்கதான்க்கா அடுப்பு பத்த வைக்கணும். அதுக்காகத்தான் காத்திருக்கோம்."

அந்தச் சமையல் மேடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு கட்டும்போது கொத்தனார் எல்லா வீட்டுக்கும் வைக்கிற உயரத்தில்தான் வைத்தார். நான் குள்ளம். எக்கி நின்று மாவு பிசைந்தால் தோள் வலிக்கும். கட்டிய மேடையை இடிக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். இவர் என்னை அதன் ஓரத்தில் நிற்கவைத்து, என் இடுப்புக்கு நேராகச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, இந்தக் குள்ளச்சிக்கு இவ்வளவுதான் வேண்டும் என்று கொத்தனாரிடம் சொன்னார். பதினேழு வருஷம் அதில் நின்று சமைத்தேன். உலகத்தில் என் உயரத்துக்கு என்று செய்த பொருள் அது ஒன்றுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்றுதான் சமைக்கிறேன். அதைப் பற்றி யாரிடமும் நான் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை.

புது அடுப்பு அதன்மேல் இருந்தது. பால் பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டியிருந்தார்கள். கனகலட்சுமி லைட்டரை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து அடுப்பைத் திருப்பி வைத்தாள். ஒடிந்து கூடிய கை அவளுக்கு இன்னும் சரியாக மடங்கவில்லை. நிமிர்ந்தபோது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மேடை எனக்கு ரொம்பத் தாழ்வுக்கா. செத்த நேரம் நின்னாலே இடுப்பு விட்டுப் போகுது. அடுத்த வாரம் கொத்தனார் இடிச்சு உசத்தித் தாரேன்னுருக்காரு."

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அவள் வீடு, அவள் இடுப்பு. வெள்ளை மனசாகத்தான் சொன்னாள். எனக்கோ, தொண்டைக்குக் கீழே ஏதோ பற்றிக்கொண்டு இறங்கியது. இந்தப் பால் திரிந்து போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். கோடாங்கி சொன்ன அந்த வயிறு என் வீட்டுக்காரருடையது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அது என்னுடையது. ஒன்பது மாதமாக எரிந்துகொண்டிருந்ததும், அதன்மேல் நான் புத்திமதியை அள்ளி அள்ளிப் போட்டு மூடி வைத்திருந்ததும் எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கை பழக்கத்தில் அடுப்பைப் பற்ற வைத்தது. பால் பொங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். எல்லோருக்கும் டம்ளரில் பால் வந்தது. நான் வாங்கி அப்படியே வைத்துக்கொண்டு ஹாலின் ஓரத்தில் போய் நின்றேன்.

பாண்டிச்செல்வம் நடுவே வந்து நின்றார். "பாய், ஒங்க வழக்கப்படி ஒரு துவா கேளுங்க. தமிழ்லயே கேளுங்க, எங்களுக்கும் புரியும்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அவர் மாட்டார், ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு தோள் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். இரண்டு கையும் மெல்ல மேலே வந்தன. எத்தனை நாள் நான் அழுது கேட்டது அது. பார்க்கும்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. என் மனசு இன்னும் அந்த மேடையிலேயே நின்றுகொண்டிருந்தது.

"யா அல்லா, எனக்குன்னு கேக்க இப்பவும் ஒண்ணும் தோணல. இவியளுக்குக் கேக்கிறேன். செல்வம் அண்ணாச்சி இந்த வீட்டுல பயமில்லாமத் தூங்கணும்."

"ஆமீன்" என்றார் அவர் பக்கத்தில் நின்ற எங்கள் பழைய தெருக்காரர் ஒருவர். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆமீன் என்றார்கள்.

"மதினிக்குக் கை நல்லாகணும். இவிய தோட்டத்துல தண்ணி வத்தக் கூடாது."

"ஆமீன்."

"நாங்க இங்க பதினேழு வருஷம் சிரிச்சோம். அதுல ஏதாவது மிச்சம் இருந்தா, அதையும் இவியளுக்கே கொடு."

எல்லோரும் ஆமீன் என்றார்கள். பாண்டிச்செல்வம் சத்தமாகச் சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. என் வாய் திறக்கவில்லை. மிச்சத்தை எதற்குக் கொடுக்க வேண்டும், அதையாவது நான் எடுத்துக்கொண்டு போகக் கூடாதா என்று இருந்தது.

துவா முடிந்தது என்று நினைத்துப் பெண்கள் நகர ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் கையைத் தாழ்த்தவில்லை. கண்ணை மூடியபடி அப்படியே நின்றார். இன்னும் ஏதோ கேட்கப் போகிறார் என்று எல்லோரும் மறுபடி நின்றார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பாண்டிச்செல்வம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். யாரோ ஒருவர் செருமினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷமாக என் குரலைக் கேட்டவர். பதினைந்து பேர் சொன்ன ஆமீனில் ஒன்று குறைகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளவில்லை, என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அந்தப் பிடிவாதக்காரர் மதியத் தொழுகை வரைக்கும்கூட நிற்பார். என்னை விட்டுவிட்டுத் தான் மட்டும் கரையேற அவருக்கு மனம் வரவில்லை. அவர் மொட்டைமாடியில் நின்றுவிட்டு வந்து, அவன் எதுலதான் இருக்கான் என்று கேட்ட கேள்விக்கு அந்த நிமிஷத்தில் எனக்குப் பதில் தெரிந்த மாதிரி இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் இன்றுவரைக்கும் தெரியவில்லை.

"ஆமீன்" என்றேன். உதட்டளவில்தான் வந்தது. அவர் கை அசையவில்லை.

எதிரே கனகலட்சுமி நின்றாள். மடங்காத அந்தக் கையையும் மற்றதோடு சேர்த்து, எங்களைப் பார்த்துப் பழகிய மாதிரி ஏந்தி வைத்திருந்தாள். வலித்திருக்கும். அவள் குனியாமல் நின்று சமைக்கட்டும் என்று நினைத்தேன். கஷ்டப்பட்டுத்தான் நினைத்தேன். மேடையை இடிக்கட்டும்.

இரண்டாம் தடவை சொன்னபோது அழுகையும் சேர்ந்து வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் கையைத் தாழ்த்தி முகத்தைத் தடவிக்கொண்டார்.